வெளிக்கொடி

திங்கட்கிழமை துவைக்காத வீட்டை எங்கள் தெருவில் யாரும் மதிக்க மாட்டார்கள். நீங்கள் திங்கட்கிழமை பார்த்து வந்திருக்கிறீர்கள், அதனால் கைவேலையை நிறுத்தாமலே பேசுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இந்த விரிப்புகளை லேசான ஈரத்தோடு மடித்து வைத்தால்தான் நாளைக்கு இஸ்திரி நன்றாகப் படியும். உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அது என் கணவர் வோல்டருடையது. அவர் இப்போது அதில் உட்காருவதில்லை, படகுப் பட்டறையிலேயே சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொள்கிறார். ஆனாலும் அது அவருடையது.

எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். போரில் பெற்றவர்களைப் பிரிந்த யூதக் குழந்தைகள் இனி யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில் நீங்களும் ஒருவர். யான்னா என்னிடமே இருக்கலாமா, இல்லை பெற்ற ரோசெட்டாவிடம் கொடுத்துவிட வேண்டுமா என்று எழுதப் போகிறீர்கள். எதிர்வீட்டு ஸ்டீனா நீதிமன்றத்தில் சொன்னது உண்மையா என்று என் வாயால் கேட்க வேண்டும் உங்களுக்கு. சொல்கிறேன். வரிசையாகச் சொல்ல விடுங்கள். துணியானாலும் பேச்சானாலும் எனக்கு வரிசை கலையக் கூடாது.

ஜன்னல் வழியாகப் பாருங்கள், கொடிக்குக் கீழே கிளிப் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். மூன்று வயது முடிந்துவிட்டது. ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துக் கொடுப்பாள். நான் இன்னும் சாக்ஸுக்கு வரவில்லை என்றால் சாக்ஸுக்கான சின்னக் கிளிப்பைத் தர மாட்டாள். அவ்வளவு விவரம்.

நீங்கள் நகரத்துக்காரர். உங்கள் வீட்டில் துணிகளை மாடியில் எங்கேயோ காயப்போடுவீர்களாக இருக்கும். இங்கே எல்லா வீட்டுக்கும் பின்னால் வாய்க்கால், வாய்க்காலைப் பார்த்துக் கொடி. விரிப்பும் மேசைத்துணியும் வெளிக்கொடியில். அதற்குப் பின்னால் உள்கொடியில் உள்ளாடைகள், அதிலும் கடைசி ஓரத்தில் பெண்களின் மாதத் துணி. வாய்க்காலில் படகில் போகிறவனுக்கு விரிப்பு மட்டும்தான் தெரியும். ஆனால் எதிர்க்கரையில் ஸ்டீனாவின் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அவள் கொடி எனக்கும் அப்படித்தான். ஆண்கள் செய்தித்தாள் படித்தார்கள், நாங்கள் கொடியைப் படித்தோம். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யாருக்குக் காய்ச்சல், எவள் புருஷன் தனியாகப் படுக்கிறான், எல்லாம் காற்றில் ஆடும். மாதத் துணி வராமல் போனால் அடுத்த வாரமே கம்பளி நூலோடு குட்டிச் சட்டை பின்ன உட்கார்ந்துவிடுவார்கள்.

எனக்காக யாரும் பின்ன உட்காரவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், மாதம் தவறாமல் என் துணி அந்த ஓரத்தில் தொங்கியது. அதைத் தெருவே பார்த்தது.

"என்ன ஹில்லி, இந்த மாசமும் வெள்ளைக்கொடி காட்டிட்டியா?" என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்டீனா கேட்பாள். அவளுக்கு நான்கு பிள்ளைகள். கெட்ட எண்ணத்தில் கேட்கிறவள் இல்லை, அவள் வாய் அப்படி. "எனக்குக் காலண்டரே வேணாம்டி, உன் கொடியப் பாத்தாப் போதும்" என்று ஒரு முறை சொன்னபோது சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் போய்த் துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

ரோசெட்டாவை வோல்டர் நாற்பத்திரண்டாம் வருஷம் இலையுதிர் காலத்தில் படகில் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். என்னைக் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தார். நான் சரி என்றேன். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பிடிபட்டால் எங்களையும் கொண்டுபோயிருப்பார்கள் என்று தெரிந்துதான் சரி என்றேன். இந்தத் தெருவில் வேறு யார் சொன்னார்கள்?

ஆம்ஸ்டர்டாமில் பெண்களின் இடுப்புக் கச்சை தைக்கும் பட்டறையில் வேலை செய்தவள். புருஷனை அந்தக் கோடையிலேயே ஜெர்மன்காரர்கள் பிடித்துப் போயிருந்தார்கள். வயிற்றில் மூன்று மாதம். எங்கள் பரண் உங்களுக்குத் தெரியும், போன வாரம் உங்கள் ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. அதில் அவள் குனிந்தே நடந்து, குனிந்தே சிரித்துக்கொண்டிருந்தாள். என்னை முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

குழந்தை பிறந்தால் அழும். அழுகிற பரணை எவ்வளவு நாள் மறைப்பது? வோல்டர் அதைச் சொல்லித் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது யோசனை சொன்னவள் ரோசெட்டாதான். நான் இல்லை. "அக்கா, ஆம்ஸ்டர்டாம்ல பாதிப் பொம்பளைங்க வயித்த உள்ள தள்ளிக் கட்டினவ நான். உங்க வயித்த வெளிய தள்ள எனக்குத் தெரியாதா?" என்றாள். பழைய தலையணை உறையைப் பிரித்து, இறகு திணித்து, நாடா வைத்துத் தைத்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இன்னும் கொஞ்சம் இறகு. காலையில் பரணுக்கு ஏறிப் போவேன், என் பாவாடைக்கு அடியில் அவளே கட்டிவிடுவாள். கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "பையனா இருக்கும் போலிருக்கே, முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குது" என்பாள்.

அந்த மாதங்களில் என் மாதத் துணி கொடிக்கு வரவில்லை. வரக் கூடாது அல்லவா. ரோசெட்டாவே அதை வாங்கிப் பரணில் வாளியில் அலசி, புகைக்கூண்டு போகிற சுவரில் ஒட்டிக் காயவைப்பாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. "எனக்கும் பொழுது போகணும்ல அக்கா" என்றாள்.

ஸ்டீனா இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் மாதம் பாலத்தைச் சுற்றி நடந்து வந்து, அடுக்களை வாசலில் நின்று, என் வயிற்றைப் பார்த்தாள்.

"ஏய் ஹில்லி, நெசமாவா?"

நான் சிரித்தேன். வாயைத் திறக்கவில்லை.

"ஐயோ, கடவுள் கண்ணத் தொறந்துட்டாருடி" என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான்கு பிள்ளை பெற்றவள் எனக்காக அழுதாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் பொய் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அப்படி வளர்க்கவில்லை. நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று யாரிடமும் ஒரு தடவைகூட என் வாயால் சொன்னதில்லை. தலையணை சொன்னது, கொடி சொன்னது. கோயிலில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். பால்காரர் அளந்த பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். தெருவில் நடக்கும்போது என் கை தானாக இடுப்பைத் தாங்கிப் பிடித்தது. ஜனவரியும் பிப்ரவரியும் போயின. ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது வயிற்றில் உதை விழுந்தது. இறகுத் தலையணை உதைக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். உதைத்தது, அவ்வளவுதான்.

வசந்தம் வந்ததும் ஒரு காலையில் ரோசெட்டாவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி ஃபெம்மி எங்கள் பக்கம் நிற்கிற ஆள், வாய் திறக்க மாட்டாள். மேலே ரோசெட்டாவின் வாயில் துண்டை மடித்துத் திணித்தாள். கீழே என் கட்டிலில் என்னைப் படுக்கவைத்து, "கத்து" என்றாள். தெருவுக்குப் பிரசவம் இந்தக் கட்டிலில்தானே நடக்க வேண்டும். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷக் கத்தல் அம்மா, அது தானாக வந்தது. மேலே பெற்றவள் முனகக்கூட இல்லை. ஃபெம்மி ஏணியில் இறங்கி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, "போதும் ஹில்லி, கொழந்த பொறந்தாச்சு, நிறுத்து" என்று சொன்ன பிறகும் எனக்கு நிறுத்த முடியவில்லை. தொண்டை மூன்று நாள் கட்டிக்கொண்டிருந்தது.

துடைத்துச் சுற்றி என் கையில் கொடுத்தாள். தெரு முழுக்க வந்தது. வழக்கப்படி வருகிறவர்களுக்கு சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க் கொடுக்க வேண்டும். பங்கீட்டுக் காலத்தில் மிட்டாய்க்கு எங்கே போவது? ஸ்டீனா எங்கிருந்தோ ஒரு பிடி கொண்டுவந்து தூவினாள். "மூக்கப் பாரு, அப்படியே ஹில்லி" என்றாள். அவள் புருஷன் ரூலோஃப் போலீஸ்காரன், நாஜிக் கட்சியில் சேர்ந்தவன், சட்டையில் சின்னம் குத்திக்கொண்டு வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டான். அந்த நேரம் பரணில் ஒரு பலகை கிறீச்சிட்டது. என்ன சத்தம் என்று கேட்டான். "பழைய வீடு" என்றேன். பழைய வீடுதானே. வோல்டரின் அம்மா பெயரை வைத்து யான்னா என்று கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தோம்.

ரோசெட்டா அவளை யூடித் என்று கூப்பிட்டாள், பரணில், காதோடு காதாக.

பாலுக்குத் தினமும் பல தடவை மேலே தூக்கிப் போக வேண்டும். என் கையில் வீறிட்டு அழுகிற குழந்தை ஏணியின் பாதியிலேயே அழுகையை நிறுத்திவிடும். வாசம் தெரியும் போல. கீழே இறங்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ரோசெட்டா மார்பில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "பாருடி யூடித், யாரு வந்திருக்கா பாரு, உன் பெரியம்மா" என்பாள்.

பெரியம்மா. அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் கீழே வந்து அடுக்களைத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

நாற்பத்துநான்கு ஜூனில் இங்கிலீஷ்காரர்கள் பிரான்ஸில் கரையிறங்கிய செய்தி வந்தது. வோல்டர் ஒளித்துவைத்திருந்த ரேடியோவில் கேட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார். மேலே போய்ச் சொன்னதும் ரோசெட்டா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குனிந்த இடத்திலேயே ஆடினாள்.

"கிறிஸ்துமஸுக்குள்ள ஆம்ஸ்டர்டாம் போயிடுவோம் அக்கா. நீங்க ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ரயிலேறி வந்துடணும், ஆமா. பெரியம்மா வரலன்னா இவ என்னச் சும்மா விடுவாளா?"

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோயில் இருக்கிறது, ரயிலேறக் கூடாது என்று அவளுக்குத் தெரியாது. பாவம், தெரிந்திருக்க நியாயமில்லை. ஊரெல்லாம் சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும் அந்தச் சந்தோஷத்தில் என் வீடு காலியாவதைப் பார்த்தேன். இந்தத் தெருவுக்கு நான் என்ன சொல்வேன்? குழந்தை எங்கே என்று கேட்டால்? மறுபடி அந்தக் கொடி, அந்த ஓரம்.

நான் அவசரப்படவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், குழந்தையின் நலம் என்றுதானே உங்கள் குழு எப்போதும் கேட்கிறது. பிள்ளை பாலுக்கு ஏங்கிப் போகக் கூடாது என்று பொறுத்திருந்தேன். கோப்பையில் குடிக்கப் பழக்கினேன். ரவைக் கஞ்சி, பசும்பால், மசித்த ஆப்பிள். ரோசெட்டாவுக்கும் பால் குறைந்துகொண்டுதான் வந்தது, பரண் சாப்பாட்டில் என்ன ஊறும்? "எவ்வளவு அழகாக் குடிக்கிறா பாருங்க அக்கா, நீங்க இல்லேன்னா எனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது" என்று அவளே மெச்சினாள். ஜூலையில் குழந்தை மார்பை மறந்துவிட்டாள். இரண்டு நாள் சிணுங்கினாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் நான் எதுவும் செய்யவில்லை. நான் ஒன்றும் மிருகம் இல்லை.

பால் நின்ற பிறகு ரோசெட்டாவுக்குத் திரும்பவும் மாதவிலக்கு வந்தது. முகம் சிவந்து என்னிடம் கேட்டாள். "அக்கா, வந்துருச்சு. துணி ஏதாவது இருக்குமா?" என் கல்யாணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்த ஃபிளானல் துணியில் இன்னும் தொடாத கட்டு ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவையும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் அதைப் பரணில் அலசப் போனபோது நான் வாளியை வாங்கிக்கொண்டேன்.

"குடு, என்னோடதோட சேத்து அலசிடுறேன். சுவத்துல காய்ஞ்சா வாட அடிக்குது."

"வேணாம் அக்கா, வெளிய யாராவது..."

"வெயில்ல காயட்டும். எத்தன நாள் இந்த ஈரத்துல கெடப்ப?"

"அப்ப உள்கொடில போடுங்க அக்கா, ஓரமா."

என் சொந்தத் துணி இரண்டு வாரத்துக்கு முன்பே உள்கொடியில் காய்ந்து, மடித்து உள்ளே போயிருந்தது. அதை ஸ்டீனா பார்த்திருந்தாள், அவள் எதைத்தான் பார்க்கவில்லை? கூடையைக் கொண்டுபோய் முதலில் விரிப்புகளைப் போட்டேன். பிறகு ரோசெட்டாவின் துணிகளை ஒவ்வொன்றாக உதறி, மூலை இழுத்து, வெளிக்கொடியில் மாட்டினேன். வெளிக்கொடியில்தான் காற்று நன்றாக அடிக்கும். அன்றைக்கு மேற்கிலிருந்து நல்ல காற்று.

ஸ்டீனா எதிர்க்கரையில் வாளியோடு நின்றாள். இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன ஹில்லி இது, மறுபடியுமா? இப்பதானே ஆச்சு உனக்கு? ஒடம்புக்கு என்னடி? டாக்டர்ட்டக் காட்டினியா?"

என் வாயில் இரண்டு கிளிப் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். யோசிக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. ஆமாம், உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். அது பொய்யல்லவா.

"எனக்கு ஒண்ணுமில்ல ஸ்டீனா. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தலையை உயர்த்தி எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு, "நல்ல வெயிலு இன்னிக்கு" என்றாள். ஆமாம் என்றேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். நீதிமன்றத்தில் அவள் ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நான் அதற்கு அவளை மதிக்கிறேன்.

அன்று சாயங்காலமே அவள் பாலத்தைச் சுற்றி வந்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்குக் கொழந்தையத் தூக்கிட்டு உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாயேன் ஹில்லி. அதுக்குக் காத்து மாறினாப்ல இருக்கும். ரூலோஃபும் அப்படித்தான் சொல்றாரு" என்றாள். யான்னாவுக்கு அவள் ஞானத்தாய். அந்தக் குழந்தைக்கு ஒரு கெடுதலும் வர விட மாட்டாள். செவ்வாய்க்கிழமை இஸ்திரி போடுகிற நாள், ஆனாலும் சரி என்றேன். வோல்டர் எப்போதும் போலப் பட்டறைக்குப் போய்விட்டார்.

கிளம்பும் முன் குழந்தையை மேலே கொண்டுபோய்க் காட்டினேன். அதை நான் செய்திருக்க வேண்டியதே இல்லை. ரோசெட்டா அவளை வாங்கி முகர்ந்து, பாதத்தைக் கடிப்பதுபோல் விளையாடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நான் ஏணியில் பாதி இறங்கியிருந்தபோது, "தொப்பி போட்டுடுங்க அக்கா, காதுல காத்து அடிக்கும்" என்றாள். போட்டுத்தான் கூட்டிப்போனேன்.

திரும்பி வந்தபோது ஏணி நடையில் சாய்ந்து கிடந்தது. பரணில் வாளி கவிழ்ந்திருந்தது, பலகையெல்லாம் ஈரம். துடைத்தேன். எங்களைப் பிடித்துப் போகவில்லை. ஊருக்கு வெளியே ஒரு நாணல் கொட்டகையில் ஒளிந்திருந்தவளைப் பிடித்ததாக ரூலோஃப் எழுதிவிட்டான், அது ஸ்டீனா கேட்டுக்கொண்டதற்காக. வோல்டர் வந்து, பரணில் தலை இடித்துக்கொண்டு நின்று, "யாரு சொன்னா? யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் யார்கிட்டயும் அவளப் பத்தி ஒரு வார்த்த பேசல" என்றேன். அவர் என் தோளில் தலைவைத்து அழுதார். அவரைத் தேற்றுவது பெரும்பாடாகப் போயிற்று.

அந்த வயிற்றுத் தலையணையை எரித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. நல்ல இறகை யார் எரிப்பார்கள்? நாடாவைப் பிரித்துவிட்டு உறையை மாற்றிக் குழந்தைக்குப் போட்டேன். இன்னும் அதில்தான் படுக்கிறாள். வேண்டுமானால் பாருங்கள், தையல் அவள் தைத்ததுதான்.

ரோசெட்டா திரும்பி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. யாருமே நினைக்கவில்லை. முதலில் வெஸ்டர்போர்க் முகாம், அங்கிருந்து ரயிலில் போலந்துக்கு, பிறகு ஜெர்மனியில் ஏதோ தொழிற்சாலை. போர் முடிந்த கோடையில் வந்து அந்த வேலி ஓரம் நின்றாள். முடி குட்டையாக, சாம்பல் நிறத்தில் முளைத்திருந்தது. வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்து என் ஈரக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "காப்பாத்திட்டீங்களே அக்கா, என் பிள்ளையக் காப்பாத்திட்டீங்களே" என்றாள். குழந்தை என் பாவாடை மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு, "மா, யாரு மா இது?" என்று கேட்டாள். ரோசெட்டா அவளைத் தொடக் கையை நீட்டி, பிறகு எடுத்துக்கொண்டாள்.

உள்ளே உட்காரவைத்து சூப் கொடுத்தேன். மெதுவாகக் குடித்தாள். அங்கே நடந்ததை அதிகம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள். "எங்க எல்லாருக்கும் மாசம் வர்றது நின்னு போச்சு அக்கா. மொதல்ல நல்லதுன்னு நெனச்சோம், துணிக்கு எங்க போறது அங்க? அப்புறம்தான் பயம் வந்துச்சு. எனக்கு இன்னும் வரல. இனிமே வராதுன்னு டாக்டர் சொல்றாரு. யூடித் மட்டும்தான் எனக்கு."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதே நேரம், இனி இவளுக்கும் புரியும் என்று நினைத்தேன். கொடியில் போட ஒன்றும் இல்லாதவளாக இருந்து பார்க்கட்டும். நான் போட்டுப் போட்டு அலுத்தேன், அவள் போடாமல் அலுக்கட்டும். "ஒடம்பத் தேத்திக்கிட்டு வா, அவசரம் என்ன? கொழந்த உன்னப் பாத்துப் பயப்படுது" என்றேன். குழந்தைக்காக என்று சொன்னதும் தலையாட்டிக்கொண்டு போனாள். தேறுவதற்கான விடுதியிலிருந்து வாராவாரம் வந்து வேலியோரம் நின்று பார்ப்பாள். தன் குழந்தை என்று அன்றைக்கே தூக்கிக்கொண்டு போயிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்? அவளுக்கே அப்போது அவ்வளவு அவசரம் இருக்கவில்லை. இதையும் யோசியுங்கள்.

பிறகு, யூதர்களைப் பிடித்துக் கொடுத்ததற்காக ரூலோஃப் மேல் வழக்கு. புருஷனைக் காப்பாற்ற ஸ்டீனா கூண்டில் ஏறினாள். "நாங்க தேடிப் போகல ஐயா. ஹில்லியோட கொடிதான் சொல்லுச்சு" என்றாள்.

"கொடி எப்படியம்மா சொல்லும்?" என்று நீதிபதி கேட்டார்.

அவள் விளக்கினாள். ஒரே பெண் இருக்கிற வீட்டில் இரண்டு பெண்களின் மாதத் துணி என்று சொன்னாள். வெளிக்கொடியில் என்றாள். நான் சொன்ன பதிலையும் சொன்னாள். ஆண்கள் சிரித்தார்கள். வக்கீல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். துவைத்த துணியெல்லாம் சாட்சியமாகுமா என்று நீதிபதி அடுத்ததற்குப் போய்விட்டார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி திரும்பினாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. எங்கள் தெருவில் எவளும் மாதத் துணியைத் தெரியாமல் வெளிக்கொடியில் போட மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். வோல்டருக்கு அப்போதும் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அவர் காதில் சொன்னாள். அவர் எழுந்து போனார்.

ரோசெட்டாவும் இருந்தாள். படியில் என்னைக் கடந்தபோது நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அன்னிக்கு நீங்க குடுத்தது புதுத் துணி" என்றாள். "உங்க கல்யாணத் துணி. அத மடில வெச்சுக்கிட்டு எவ்வளவு அழுதேன் தெரியுமா அக்கா? இவ்வளவு நல்லவங்க இருப்பாங்களான்னு." அதன் பிறகுதான் உங்கள் குழுவுக்கு மனு போட்டாள்.

ஆக, ஆமாம் அம்மா. தெரிந்தேதான் போட்டேன். எங்கே போட்டால் எவள் பார்ப்பாள், பார்த்தவள் யாரிடம் சொல்வாள், சொன்னால் என்ன நடக்கும், எல்லாம் தெரிந்து போட்டேன். ஸ்டீனா சொன்னது முழுக்க உண்மை. கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன், கை துடைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஸ்டீனா இன்னொன்றும் சொன்னாள், நீங்கள் அதை விட்டுவிடக் கூடாது. பரணில் ரூலோஃப் ரோசெட்டாவைக் கேட்டிருக்கிறான், இந்த வீட்டில் உனக்கென்று வேறு யாராவது இருக்கிறார்களா என்று. யாருமில்லை என்றிருக்கிறாள். நம்பாமல் அடித்திருக்கிறான், பல் உடைந்திருக்கிறது. மறுபடி மறுபடி கேட்டபோதும், எனக்கு இந்த வீட்டில் யாருமே இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். போலீஸ்காரன் முன்னால், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவள் வாயாலேயே சொன்னது. அதை அப்படியே எழுதுங்கள். நான் பொய் சொல்கிறவள் இல்லை அம்மா. அவளும் பொய் சொல்கிறவளாக எனக்குத் தெரியவில்லை.